பிழைப்பே ட்ரேடிங் என்றால்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்து கொழும்புப் பங்குச் சந்தைக் கணக்கு எப்படி?

கொழும்புப் பங்குச் சந்தையில் புரோக்கர் வழியாகத் திறக்கும் சாதாரண ஒன்லைன் கணக்கைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இதில் காசு உழைக்கலாமா? இங்கே கேள்வி வேறு. வேறு சம்பளம் இல்லாமல் அரிசி, கரண்ட் பில், பிள்ளையின் ரியூசன் காசு எல்லாவற்றையும் இதிலிருந்தே எடுக்க நினைக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு எப்படி? அவருடைய காசில் எவ்வளவு தின்னும், நித்திரையில் எவ்வளவு தின்னும்?

ஒப்பிட வேண்டிய மற்றச் சாமான் எதுவென்று எல்லாருக்கும் தெரியும். போனில் வேலை செய்யும் வெளிநாட்டு ஃபொரெக்ஸ் ஆப். தங்கம், யூரோ, பிட்கொயின், 1க்கு 500 லிவரேஜ் (போட்ட காசைப் போல 500 மடங்குக்கு ஓடர் போட விடும் வசதி), இரவு பகல் இல்லாத சந்தை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கொழும்புச் சந்தை மெதுவானது, கட்டணம் கூடியது, ஐந்து மணித்தியாலத்தில் கடையைப் பூட்டிவிடும். கெதியாக உழைக்க வந்தவருக்கு மூன்றுமே குறை. இதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அந்த மெதுவும் அந்தப் பூட்டும்தான் இந்தச் சேவையின் மிக நல்ல அம்சங்கள். கட்டணம் மட்டும் உண்மையான குறை. அதுகூடக் கை அரிப்புள்ளவரைக் கொஞ்சம் அடக்கி வைக்கும்.

கணக்குத் திறப்பதில் சொல்ல அதிகம் இல்லை. பங்குச் சந்தையின் மொபைல் ஆப்பில் அடையாள அட்டையின் இரு பக்கப் படம், முகப் படம், வங்கிக் கணக்கு விவரம் கொடுத்து, பட்டியலில் ஒரு புரோக்கரைத் தெரிவு செய்தால் சீடிஎஸ் கணக்கு, அதாவது பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் மத்திய வைப்பகத்தில் உங்கள் கணக்கு, திறபடும். கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. பங்குகள் சீடிஎஸ்ஸில் உங்கள் பெயரில்தான் இருக்கும், புரோக்கரின் பெயரில் அல்ல. இது சிறிய விசயம் இல்லை, பின்னால் வருவோம். புரோக்கரைத் தெரிவு செய்ய முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலை ஒன்பதே காலுக்கு அவர்களின் நம்பருக்கு எடுங்கள். தமிழில் கதைக்க ஆள் இருக்கிறதா, போனிலேயே ஓடர் போடலாமா என்று கேளுங்கள். மாரி காலத்தில் கரண்டும் நெட்டும் ஒன்றாகப் போகும் ஊர் இது. கையில் பங்கு இருக்கும்போது விற்க வழியில்லாமல் இருப்பதைப் போல மனதைத் தின்னும் நிலைமை குறைவு. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், இரண்டாவது கம்பனி சிம் ஒன்று, புரோக்கரின் நம்பர் தாளில் எழுதிச் சுவரில். இந்த மூன்றும் இல்லாமல் இதைத் தொழில் என்று சொல்லக்கூடாது.

கட்டணம்

10 கோடி ரூபாவுக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தச் செலவு 1.12 வீதம். இதில் 0.64 புரோக்கருக்கு, 0.30 அரசின் பங்குப் பரிமாற்ற வரி, மிச்சம் பங்குச் சந்தை, சீடிஎஸ், சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு ஆகியவற்றுக்கு. வாங்கும்போதும் 1.12, விற்கும்போதும் 1.12.

ஒரு இலட்சம் ரூபாவுக்குப் பங்கு வாங்கினால் உங்கள் கையிலிருந்து போவது 1,01,120. அதே காசு திரும்பி வர, அந்தப் பங்கை 1,02,265 ரூபாவுக்கு விற்க வேண்டும். அதாவது விலை சுமார் 2.27 வீதம் ஏறினால்தான் நீங்கள் பூச்சியத்தில் நிற்கிறீர்கள். தொழிலாகச் செய்பவர் இந்த இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இனி இதைப் பெருக்கிப் பாருங்கள். பத்து இலட்சத்தை முதலாக வைத்திருப்பவர் கிழமைக்கு ஒரு தடவை முழுக்காசையும் வாங்கி விற்றால், ஒரு சுற்றுக்குச் செலவு 22,400. மாதத்துக்கு நாலு சுற்று, 89,600. இலாபமோ நட்டமோ தெரிய முன்னரே ஒரு குடும்பத்தின் மாதச் செலவு கட்டணமாகப் போய்விடுகிறது. பலர் "சந்தை சரியில்லை" என்று சொல்லும் நட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு பெரிய பகுதி இதுவாக இருக்கலாம். மாதக் கடைசியில் புரோக்கரின் கூற்றில் கட்டண வரிகளை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை உங்கள் முதல் காசில் ஒரு வீதத்தைத் தாண்டினால், நீங்கள் உழைப்பது உங்களுக்கு அல்ல.

சில்லறை விலைப் பங்குகளில் பொறி இன்னும் ஆழம். விலை அசைவது 10 சதக் கணக்கில். ஐந்து ரூபாப் பங்கு ஒரு படி ஏறினால் 2 வீதம், அது கட்டணத்துக்கே காணாது. இரண்டு படி ஏறினால்தான் கையில் 1.7 வீதம் அளவில் மிஞ்சும். அதுவும் நீங்கள் கேட்ட விலைக்கே வாங்கியிருந்தால். 5.10க்கு விற்கக் காத்திருப்பவரிடம் வாங்கி, மனம் மாறி அடுத்த நாளே 5.00க்கு வாங்கக் காத்திருப்பவரிடம் கொடுத்தால், சந்தை ஒரு அங்குலமும் அசையாமல் 4 வீதத்துக்கு மேல் போயிருக்கும். "ஐந்து ரூபாதானே, விழுந்தால் எவ்வளவு விழும்" என்ற கதை இங்கேதான் தோற்கிறது. பதற்றத்தில் வாங்கி பதற்றத்தில் விற்பவருக்கு மலிவுப் பங்குதான் மிக விலை கூடிய பங்கு.

ஆக, இந்தக் கணக்கில் டே ட்ரேடிங், அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பது, கணக்குக்கு ஒத்துவராத வேலை. கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில் வைத்திருந்து, 10, 15 வீத அசைவைப் பார்ப்பவருக்கே இந்தக் கட்டணம் தாங்கும்.

மெதுவும் பூட்டும்

சந்தை காலை 9.30க்குத் திறந்து பின்னேரம் 2.30க்குப் பூட்டும். 9.00 முதல் 9.30 வரை ஓடர் போடும் நேரம். சனி ஞாயிறு இல்லை, போயா இல்லை, பொங்கல் தீபாவளி பெருநாள் இல்லை. விற்ற காசு இரண்டு வேலை நாள் கழித்துத்தான் கணக்கில் முற்றாகும், டீ பிளஸ் 2. வியாழன் விற்றால் திங்கள்.

இதை வெளிநாட்டு ஆப்பின் நேர அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வழக்கமாக மாதத்தின் முதல் வெள்ளி, எங்கள் நேரம் பின்னேரம் 6 மணிக்கு, அங்கே குளிர்காலமானால் 7 மணிக்கு. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டித் தீர்மானம் வருடம் எட்டுத் தடவை, இரவு 11.30க்கு, குளிர்காலத்தில் நடுச்சாமம் 12.30க்கு. தங்கம் துள்ளுவது இந்த நேரங்களில்தான். பிட்கொயினுக்கு நித்திரையே இல்லை. அதாவது குடும்பம் சாப்பிட உட்காரும் நேரமும் படுக்கும் நேரமும்தான் அந்தத் தொழிலின் வேலை நேரம். மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றும் ஆள் மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டவர். நித்திரை குறைந்த மூளை செய்யும் முதல் வேலை, நட்டத்தை உடனே திருப்பி எடுக்கப் பார்ப்பது. ட்ரேடிங்கில் அழிந்த கணக்குகளில் பல முதல் நட்டத்தில் அழிவதில்லை. அதைத் திருப்பி எடுக்கப் போட்ட இரண்டாவது, மூன்றாவது ஓடரில் அழிகின்றன.

கொழும்புச் சந்தை அந்த வாய்ப்பைத் தராது. 2.30க்குப் பிறகு எவ்வளவு கோபம் வந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த நாள் 9.30 வரை பத்தொன்பது மணித்தியாலம் கோபம் ஆற இடம் இருக்கிறது.

லிவரேஜ் கணக்கையும் ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம். 200 டொலர் போட்ட கணக்கில் 0.10 லொட் தங்கம் எடுத்தால், அது 10 அவுன்ஸ். தங்கம் உங்களுக்கு எதிராக 20 டொலர் அசைந்தால் 200 டொலரும் போய்விட்டது. தங்கத்துக்கு 20 டொலர் என்பது சாதாரண நாளின் அசைவு. கொழும்பில் கடன் எடுக்காமல் வாங்கிய பங்கு 20 வீதம் விழுந்தாலும் மிச்சம் 80 வீதம் உங்கள் பெயரில் கிடக்கும்.

சந்தை ஒரேயடியாக விழும் நாளுக்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. 20 பெரிய கம்பனிகளின் விலையைக் காட்டும் எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டெண் 5 வீதம் விழுந்தால் 30 நிமிடம் நிறுத்தம், 7.5 வீதத்தில் மறுபடியும் 30 நிமிடம், 10 வீதத்தில் அன்றைய நாள் முடிவு. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூட்டு எப்போதும் நன்மை அல்ல. 2020இல் கொவிட் காரணமாக மார்ச்சில் மூடிய சந்தை மே 11இல்தான் திறந்தது. 2022 ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தபின், 18ஆம் திகதியில் இருந்து ஐந்து வேலை நாட்கள் மூடினார்கள். 25ஆம் திகதி திறந்ததும் சுட்டெண் 10 வீதத்துக்கு மேல் விழுந்து அன்றே பூட்டினார்கள். அந்த ஜனவரியில் 13,000க்கு மேல் நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏப்ரல் முடிய 8,000க்குக் கீழ். அந்தக் கிழமைகளில் இதிலிருந்து மாதச் சாப்பாட்டுக் காசு எடுக்க வேண்டியிருந்தவருக்கு, விலை விழுந்தது ஒரு அடி, விற்கவே முடியாமல் போனது இரண்டாவது அடி. எனவே அடுத்த பகுதிதான் இந்த மதிப்பீட்டின் உயிர்.

வீட்டுச் செலவை எங்கிருந்து எடுப்பது

ட்ரேடிங் கணக்கில் இருந்து நேராக வீட்டுச் செலவு எடுக்கக்கூடாது. இதைச் சொல்லாத புரோக்கர் ஆலோசகர் நல்லவராக இருக்கலாம், ஆனால் தொழிலாகச் செய்பவருக்கு உதவ மாட்டார்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. முதல் 20 இலட்சம், மாதச் செலவு ஒரு இலட்சம் என்று வையுங்கள். வருடத்துக்கு 12 இலட்சம், அதாவது கட்டணம் போக 60 வீதம் இலாபம் வேண்டும். அதுவும் ஒவ்வொரு வருடமும். நல்ல வருடத்தில் கிடைக்கலாம். தொடர்ந்து கிடைக்கும் என்று நம்பி வாழ்க்கையை அமைப்பது வேறு கதை. அடுத்தது, ஆறு மாதம் இலாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று வையுங்கள். ஒரு பிழையும் விடவில்லை. ஆனாலும் முதல் 14 இலட்சமாக இறங்கிவிட்டது. பழைய இடத்துக்கு வர இப்போது 43 வீதம் ஏற வேண்டும். இந்த நிலையில் இருக்கும் ஆள் பங்கைப் பார்ப்பதில்லை, 30ஆம் திகதியைப் பார்க்கிறார். 30ஆம் திகதிக்காக எடுக்கும் ஓடர் எல்லாம் பெரிதாகவும் அவசரமாகவும் இருக்கும். அம்பாறை வயல்காரர் போகம் தவறினாலும் விதைநெல்லில் கை வைக்க யோசிப்பார். இங்கே மாதாமாதம் விதைநெல்லை அவித்துக்கொண்டே விளைச்சலை எதிர்பார்ப்பதுதான் நடக்கிறது.

ஒத்துவரும் ஏற்பாடு இப்படி இருக்கும். முதலில், ஆறு மாத வீட்டுச் செலவு, முடிந்தால் பன்னிரண்டு மாதம், ட்ரேடிங் கணக்குக்கு வெளியே. வங்கிச் சேமிப்பிலோ நிலையான வைப்பிலோ வைக்கலாம். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, அதற்கு மேல் என்றால் இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள். ஒரு பகுதியை 91 நாள் திறைசேரி உண்டியலில் (அரசு எடுக்கும் குறுங்காலக் கடன்) போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கைக்கு வரும். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி இந்தப் பணத்தில் இருந்து குறித்த ஒரு தொகை, சம்பளம் போல, வீட்டுக் கணக்குக்குப் போக வேண்டும். வங்கியில் நிலையான கட்டளை போட்டுவிட்டால் அதை நினைக்கவே தேவையில்லை. வீட்டுக் கணக்கு மனைவி பெயரிலோ கணவர் பெயரிலோ, ட்ரேடிங் செய்யாதவரின் கையில் இருப்பது நல்லது.

ட்ரேடிங் கணக்கில் இருந்து காசு வெளியே வருவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மட்டும், அதுவும் இலாபம் இருந்தால் மட்டும், அந்த இலாபத்தில் பாதி மட்டும். அது செலவுக்குப் போகாமல் மேலே சொன்ன ஆறு மாதக் கையிருப்பை நிரப்பப் போகும். டிவிடென்ட் (கம்பனி தன் இலாபத்தில் பங்குக்காரருக்குத் தருவது) வந்தால் அதுவும் அங்கேதான். 15 வீத வரி கழித்துத்தான் கைக்கு வரும் என்பதைக் கணக்கில் எடுங்கள். கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால், ட்ரேடிங்கை நிறுத்தாவிட்டாலும் வேறு வருமானம் தேட வேண்டிய நாள் அது. காலை 9.30க்கும் 2.30க்கும் வெளியே நாளில் எவ்வளவோ நேரம் இருக்கிறது. பின்னேர ரியூசன், கணக்கு எழுதும் வேலை, குடும்பக் கடை, எதுவானாலும். மாதம் 40,000 நிலையாக வந்தாலே 60 வீதம் தேவைப்பட்ட இலாபம் 36 வீதமாகக் குறையும். இரவுபகலாகச் சார்ட் படித்து இந்த இறக்கத்தை எட்ட முடியாது.

எதிலிருந்து முதல் போடக்கூடாது என்பதும் ஊரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. கிழமைத் தவணைக் கடன் எடுத்த காசு ஒருபோதும் வேண்டாம். பங்கு தன் நேரத்தில்தான் ஏறும், தவணை ஒவ்வொரு கிழமையும் வாசலுக்கு வரும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்போதும் பங்குதான் பிழையான நாளில் விற்கப்படும். சீட்டுக் காசும் அப்படியே. முன்னமே எடுத்துவிட்டால் மிச்ச மாதம் எல்லாம் கட்டவேண்டிய கடன் அது. அடகு நகையில் வட்டி ஓடும், திருப்பாவிட்டால் ஏலம். கிழக்கில் வீடு பொம்பிளைப்பிள்ளைக்கு எழுதும் வழக்கம், ஆகவே சீதன வீட்டை ஈடு வைப்பது உங்கள் சொத்தை அல்ல, அடுத்த தலைமுறையின் சொத்தை வைப்பது. இந்த நாலில் எதிலிருந்தாவது வந்த காசு ட்ரேடிங் கணக்கில் இருந்தால், மன அழுத்தத்துக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

புரோக்கர் தரும் கடன் வசதியும் அதே குடும்பம்தான். கணக்குத் திறந்ததும் "உங்கள் பங்குக்கு மேல் இவ்வளவு வாங்கலாம்" என்று திரையில் ஒரு பெரிய இலக்கம் தெரியலாம். அது உங்கள் காசு அல்ல. விலை விழுந்தால் நீங்கள் விற்க விரும்பாத நாளில் அவர்கள் விற்பார்கள். வாங்கும் வரம்பை வைப்பில் இருக்கும் காசளவுக்கு மட்டும் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும்.

ஒரு ஓடரின் அளவு

நித்திரையைக் காப்பாற்றும் இன்னொரு இலக்கம் இது. ஒரு ஓடர் முழுக்கப் பிழையாகிப் போனாலும் முதல் காசில் ஒரு வீதத்துக்கு மேல் போகக்கூடாது. 20 இலட்சத்தில் ஒரு வீதம் 20,000. 50 ரூபாவுக்கு ஒரு பங்கு வாங்குகிறீர்கள், 46க்கு வந்தால் விற்றுவிடுவது என்று முடிவு. ஒரு பங்குக்கு நட்டம் 4 ரூபா என்று கணக்குப் போட்டு 5,000 பங்கு எடுத்தால் பிழை. வாங்கும் கட்டணம் 56 சதம், விற்கும் கட்டணம் சுமார் 52 சதம், ஆக உண்மை நட்டம் 5.08 ரூபா. 20,000ஐ அதால் பிரித்தால் 3,900 பங்கு. பெறுமதி 1,95,000, முதல் காசில் ஏறக்குறைய பத்தில் ஒரு பகுதி.

ஏன் ஒரு வீதம்? தொடர்ந்து ஆறு ஓடர் பிழையாவது எவருக்கும் வரும், திறமையானவருக்கும் வரும். ஒரு வீதக்காரர் அந்த ஆறுக்குப் பிறகு 6 வீதத்துக்கும் குறைவாக இழந்திருப்பார். 5 வீதம் வைத்தவர் 26 வீதத்துக்கு மேல். 10 வீதம் வைத்தவர் 47 வீதம், அவர் திரும்ப வர 88 வீதம் உழைக்க வேண்டும். முதலாமவர் மனைவியிடம் "இந்த மாதம் சரியில்லை" என்று சொல்லலாம். மூன்றாமவர் பொய் சொல்லத் தொடங்குவார்.

வெளியேறும் விலையை வாங்க முன் தாளில் எழுதுங்கள், வாங்கிய பிறகு எழுதினால் அது ஆசையின் விலை. நாள் முழுக்க வாங்க ஆள் வராத பங்குகளில் 46க்கு விற்க நினைத்தாலும் வாங்க எவரும் இருக்க மாட்டார்கள், 43க்குத்தான் இருப்பார். ஆகவே நீங்கள் எடுக்கும் தொகை அந்தப் பங்கில் சாதாரண நாளில் கைமாறும் மொத்தத் தொகையின் இருபதில் ஒரு பகுதியைத் தாண்டாமல் பாருங்கள். வட்ஸ்அப், டெலிகிராம் குரூப்பில் பெயர் ஓடும் பங்குகள் அநேகமாக இந்த வகைதான். ஏறும்போது எல்லாருக்கும் கிடைக்கும், இறங்கும்போது வாசல் ஒன்றுதான்.

இந்தச் சேவையில் இல்லாதவை

கணக்கைச் சில நாள் நீங்களே பூட்டி வைக்கும் வசதி, "இந்த மாதம் இவ்வளவுக்கு மேல் நட்டம் வந்தால் ஓடர் ஏற்காதே" என்று போடும் வரம்பு, இவை திரையில் கண்ணுக்குப் படும் இடத்தில் இல்லை. தொழிலாகச் செய்பவருக்கு மிகத் தேவையானவை இவைதான், இதற்குப் புள்ளி குறைக்கத்தான் வேண்டும். கையால் செய்யும் வழிகள் உண்டு. ஆப்பைப் போனில் இருந்து கழற்றி, ஓடர் போடுவதைக் கணினியில் மட்டும் வையுங்கள். விலை பார்ப்பதை 9.30, 12.00, 2.15 என்று மூன்று நேரத்துக்குக் குறையுங்கள். மாதத்தில் 5 வீதம் இறங்கினால் மிச்ச நாள் புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை. விற்ற காசைப் புரோக்கரிடம் விடாமல் வங்கிக்கு எடுத்துவிடுங்கள். திரும்பப் போட எடுக்கும் நேரம் நல்ல வேலி.

வெளிநாட்டு ஆப்பில் குறை வேறு மாதிரி. அங்கே உங்கள் காசு உங்கள் பெயரில் எந்த வைப்பகத்திலும் இல்லை, ஆப்பில் ஒரு இலக்கம் மட்டும்தான். கிரிப்டோ வாங்க வங்கி அட்டைகளைப் பயன்படுத்த மத்திய வங்கி அனுமதிப்பதில்லை, ஆகவே பலர் முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குக்கு ரூபா அனுப்பி, டொலர் விலையிலேயே நிற்கும் யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவை வாங்குகிறார்கள். அந்த ஆளின் கணக்கில் மோசடிக் காசு ஓடியிருந்தால் விசாரணையில் உங்கள் கணக்கும் முடங்கலாம். வட்டி வேண்டாம் என்பவர்களுக்குச் சுவாப் (ஓடரை இரவு தாண்டி வைத்திருப்பதற்கான வட்டி) இல்லாக் கணக்கு என்று தருவதிலும் அதே செலவு வேறு பெயரில் திரும்பி வருகிறதா என்று கட்டண அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்லலாம். "மாதம் 10 வீதம் நிச்சயம், நான் பார்த்துக்கொள்கிறேன், காசை என் கணக்கில் போடுங்கள்" என்பவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அனுமதிப் பத்திரம் உள்ள பங்குத் தரகர்களின் பட்டியல் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தளத்தில் இருக்கிறது. காசு போக வேண்டியது நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும்.

மனம் பற்றி எந்தப் புரோக்கரும் கேட்க மாட்டார், அது அவர்களின் வேலையும் இல்லை. ஆனால் அடையாளங்கள் மிகத் தெளிவானவை. இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் போனைப் பார்ப்பது. வீட்டில் ஆள் வந்தால் திரையைத் திருப்புவது. நட்டத்தின் உண்மைத் தொகையைக் கூடப் படுப்பவரிடம் சொல்லாமல் விடுவது. சாப்பாடு இறங்காமல் போவது, பிள்ளைகளின் மேல் எரிந்து விழுவது. இவற்றில் எவையாவது இரண்டு அடையாளங்கள் இரண்டு கிழமை தொடர்ந்தால் விலையைப் பார்க்காமல், இருக்கும் பங்குகளில் பாதியை விற்றுவிடுவது நல்ல தொடக்கம். பாதி குறைந்ததும் நித்திரை வருகிறதென்றால் ஓடர்தான் பெரிது. குறைந்தும் வரவில்லையென்றால் அது சந்தையின் பிரச்சினை இல்லை.

அப்போது எடுக்க வேண்டிய இலக்கம் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை, 24 மணித்தியாலமும், தமிழிலும். 1333உம் கட்டணமில்லாத ஆலோசனை இலக்கம். பெயர் சொல்லித் தொடங்கத் தேவையில்லை, "நித்திரை இல்லை, கடன் பிரச்சினை" என்று தொடங்கினால் போதும். நேரில் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளர் பகுதியில் கேட்டால் கிளினிக் நாள் சொல்வார்கள். தெரிந்த முகம் காணும் என்று தயங்குபவர்கள், சின்ன ஊரில் அது நியாயமான தயக்கம்தான், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போகலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

தொலைபேசியில் கதைப்பவர் கடனை அடைக்க மாட்டார், அது தனி வேலை. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, அடுத்த தவணை எப்போது. வட்டி கூடியது மேலே. அந்தத் தாளை வீட்டில் ஒருவருக்காவது காட்டிவிட்டு, தவணை தவற முன்னரே வங்கி முகாமையாளரைப் பார்த்துக் கடனை மீள அட்டவணைப்படுத்தக் கேட்கலாம். போகும்போது அடையாள அட்டை, கடன் ஒப்பந்தம், கடைசி ஆறு மாத வங்கிக் கூற்று, சீடிஎஸ் கூற்று, வேறு வருமானம் இருந்தால் அதற்கான கடிதம், எல்லாவற்றிலும் ஒரு பிரதி. வாய்மொழியில் ஒப்புக்கொண்டால் காணாது, புதிய தவணை அட்டவணையைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.